தூர்வாரியும் தூர்ந்த காவிரி: ஆர்தர் காட்டன் கை வைத்தது எங்கே?

1800களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் விவசாயிகளுக்கு ஒரு விநோதமான சிக்கல். மேலே இருந்து தண்ணீர் வருகிறது, ஆனால் வயலுக்கு வந்து சேரவில்லை. கம்பெனி அரசு ஆள் வைத்து காவிரியில் மணலை அள்ளியது, கரையை உயர்த்தியது. அடுத்த வெள்ளத்தில் மணல் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. திரும்பவும் அள்ளு. இப்படியே பல வருஷம் ஓடியது.

இந்தச் சுழற்சியை உடைத்தவர் ஆர்தர் காட்டன். 1803-ல் இங்கிலாந்தில் பிறந்து, 18 வயசில் சென்னைக்கு வந்த ராணுவப் பொறியாளர்.

மணல் ஏன் காவிரியிலேயே படிகிறது என்று அவர் பார்த்தார். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது இல்லையா? அதில் கொள்ளிடம் சரிவு அதிகமான, குறுக்கு வழி. தண்ணீர் பெரும்பாலும் அந்தப் பக்கமே போய்விட்டது. காவிரிக்குக் கிடைத்தது கொஞ்சம், அதுவும் மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடும் தண்ணீர் மணலைக் கீழே போட்டுவிடும். மணல் படிந்தால் படுகை உயரும். படுகை உயர்ந்தால் இன்னும் குறைவான தண்ணீர்தான் உள்ளே வரும், அது இன்னும் மெதுவாக ஓடும். வருஷா வருஷம் மணல் அள்ளியவர்கள் இந்த வளையத்தின் ஒரு முனையை மட்டும்தான் தொட்டார்கள். இன்று 'சிஸ்டம்ஸ் திங்கிங்' என்று வகுப்பெடுக்கும் விஷயம் இதுதான்.

நோய் காவிரியில், மருந்து கொள்ளிடத்தில். 1836-ல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டும் வேலை தொடங்கியது. வெறும் மணல் மேல் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடம் கற்றதாக அவரே பின்னாளில் எழுதினார்.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். கொள்ளிடத்தை மறித்ததும் காவிரிக்குள் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்தது. படுகை அரித்து ஆழமாகிக்கொண்டே போனது. பழைய சிக்கல் தலைகீழாகத் திரும்பி வந்துவிட்டது! 1840களில் மேலணையின் ஒரு பகுதியை உயரம் குறைத்து, காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு தடுப்பு கட்டிய பிறகுதான் இரண்டு பக்கமும் ஒரு நிலைக்கு வந்தது.

அடுத்து கோதாவரி. 1847-ல் தொடங்கிய தவளேஸ்வரம் அணை 1852-ல் முடிந்தது. அந்த டெல்டாவில் இன்றும் ஊர் ஊருக்கு அவர் சிலை உண்டு.

ஆனால் ரயில் பாதையை விட நாடு முழுக்கக் கால்வாய்தான் தேவை என்றும் இவர் வாதாடினார். அவர் யோசனைப்படி தனியார் கம்பெனி வெட்டிய கர்னூல்–கடப்பா கால்வாய் நஷ்டத்தில் ஓடி, கடைசியில் அரசே வாங்க வேண்டியதாயிற்று. ஒரு ஆற்றை அவ்வளவு நுணுக்கமாகப் படித்தவர், எல்லா ஊருக்கும் ஒரே மருந்தை எழுதியது ஆச்சரியம்தான். 1899-ல், 96 வயசில் இறந்தார்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அவருடைய மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கட்டி 180 வருஷமானதுதான் காரணமா, ஆற்றில் மணல் அள்ளியதா என்று அப்போது பெரிய வாக்குவாதமே நடந்தது. பக்கத்திலேயே புதிய கதவணை கட்டிவிட்டார்கள்.