நாலூரானுக்கும் நற்கதி வேண்டிய கூரத்தாழ்வான்

இழப்பைக் காணாத மாந்தர் இவ்வுலகில் இலர். இழந்தவர் இறைவனை நோக்கி அழுவதும், இழப்புக்குக் காரணமானவரை வெறுப்பதும் மனித இயல்பு. ஆனால், தம் கண்ணொளியையும் தம் ஆசார்யனுக்கு ஆசார்யரையும் ஒருங்கே பறிகொடுத்த பின்பும், அத்தீங்கிற்குக் காரணமானவனுக்கே வீடுபேறு வேண்டி நின்றார் ஒரு மகான். அவரே ஸ்ரீகூரத்தாழ்வான். ஜெயங்கொண்டத்திற்கு அண்மையிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்து அரசவையே அவர் கண்ணிழந்த இடம் எனப் பெரியோர் பலர் கூறுவர். ஆதலின், இம்மண்ணில் திருவிழா சேவிக்க வந்துள்ள அன்பர்கள் அவர்தம் சரிதத்தைச் சிந்திப்பது சாலப் பொருந்தும்.

காஞ்சிக்கு அருகே கூரம் என்னும் ஊரில், தை மாதத்து ஹஸ்த நட்சத்திரத்தில் அவதரித்தவர் ஆழ்வான். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது இவரது திருநாமம். பெருஞ்செல்வர், நாள்தோறும் அன்னதானம் நிகழ்ந்த மாளிகை அவருடையது. ஸ்ரீராமாநுஜரைவிட அகவையில் மூத்தவராயினும் அவர் திருவடிகளையே தஞ்சமெனப் பற்றினார். செல்வம் அனைத்தையும் துறந்து, தேவியார் ஆண்டாளுடன் திருவரங்கம் நோக்கி நடந்தார். காட்டு வழியில் அம்மையார் அஞ்சக் கண்டு காரணம் வினவினார். கணவர் அமுது செய்வதற்கென ஒரு பொன்வட்டிலை எடுத்து வந்திருப்பதை அம்மையார் தெரிவித்தார். ஆழ்வான் அதனை வாங்கி எறிந்தார். வட்டிலோடு அச்சமும் அகன்றது.

போதாயன விருத்தியைத் தேடி எம்பெருமானார் காஷ்மீரம் சென்றபோது உடன் சென்றவர் இவர். அந்நூல் கைவிட்டுப் போன நிலையில், முன்பே அதனை நெஞ்சில் பதித்திருந்த ஆழ்வானின் நினைவாற்றலே துணை நின்றது. ஸ்ரீபாஷ்யத்தை எம்பெருமானார் அருளிச்செய்ய, ஏட்டில் எழுதியவரும் இவரே.

இத்தகையவருக்குப் பெருஞ்சோதனை வந்தது. குருபரம்பரை நூல்கள் கிருமிகண்ட சோழன் எனக் குறிக்கும் மன்னன், சிவனுக்கு மேற்பட்ட தெய்வம் இல்லை என்று ஓலையில் கையொப்பமிடுமாறு வித்வான்களை வற்புறுத்தினான். இம்மன்னன் முதலாம் குலோத்துங்கனா, இரண்டாம் குலோத்துங்கனா என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. இராமாநுஜரின் ஒப்புதல் பெறாமல் மற்றவர் ஒப்புதலால் பயனில்லை என மன்னனுக்கு எடுத்துரைத்தவன் நாலூரான். அவன் ஆழ்வானிடமே பாடம் கேட்ட சீடன்!

அரசனின் ஆட்கள் திருவரங்கம் வந்தனர். ஆழ்வான் ஆசார்யனின் காஷாயத்தையும் திரிதண்டத்தையும் தாம் ஏற்று, இராமாநுஜராகவே அவர்களுடன் சென்றார். வெள்ளாடை உடுத்து எம்பெருமானார் மேல்நாடு நோக்கிப் புறப்பட்டார். முதுமை நிறைந்த பெரிய நம்பியும் ஆழ்வானுடன் அவைக்குச் சென்றார். இருவரும் கையொப்பமிட மறுத்தனர். மன்னனைக் கண்ட கண்கள் வேண்டா என ஆழ்வான் தம் கண்களைத் தாமே களைந்தார். நம்பியின் கண்களை அரசனின் ஏவலர் பறித்தனர். திரும்பும் வழியில், பசுபதிகோயிலில், ஆழ்வான் மடியில் தலைசாய்த்துப் பெரிய நம்பி திருநாடு எய்தினார்.

பார்வையற்றுத் திருவரங்கம் மீண்ட ஆழ்வானுக்கு அங்கும் துயரமே காத்திருந்தது. இராமாநுஜ சம்பந்தம் உடையோர் கோயிலுள் புகலாகாது என்று தடை இருந்தது. ஆழ்வான் நல்லவர் ஆகையால் அவரைத் தடுக்க வேண்டா என்றான் வாயிற்காவலன் ஒருவன். ஆசார்ய சம்பந்தத்தை விலக்கித் தம் நற்குணத்தால் கிடைக்கும் சேவை தமக்கு ஆகாது என எண்ணி, அரங்கனைச் சேவியாமலே ஆழ்வான் திரும்பினார். கண்களை இழந்தபோதும் கலங்காத அவர் உறுதி, இவ்வாயிலிலும் தளரவில்லை.

பின்னர்த் திருமாலிருஞ்சோலையில் தங்கிச் சுந்தரபாஹு ஸ்தவம் அருளினார். புறக்கண் இழந்தவர் அகக்கண்ணால் அழகரின் திருமேனி அழகை அனுபவித்த நூல் அது.

சோழன் மறைந்தபின் எம்பெருமானார் திருவரங்கம் திரும்பினார். கண்ணிழந்த சீடரைக் கண்டு உள்ளம் உருகிய அவர், கச்சி வரதனிடம் பார்வையை வேண்டுமாறு நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தால் பேரருளாளனைத் துதித்தார். வேண்டியதைத் தரப் பெருமான் இசைந்தபோது அவர் கேட்டது கண்களை அன்று. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். வரதனும் அவ்வாறே அருளினான்.

அவர் ஏன் அவ்வாறு வேண்டினார்? நாலூரான் செய்தது சிறு பிழை என்று அவர் கருதியதாகக் கொள்ளலாகாது. பெரிய நம்பியின் உயிர் தம் மடியிலன்றோ பிரிந்தது! ஆயினும், ஒருகால் தம்மை அடுத்துப் பாடம் கேட்டவனைக் கைவிட்டுத் தாம் மட்டும் கரையேற அவர் திருவுள்ளம் இசையவில்லை. வேண்டத் தகுதியுள்ளவனுக்கு மட்டுமே அருள் என்றால் அதனை அருள் என்று சொல்வது எங்ஙனம்? அசோகவனத்தில் தன்னைத் துன்புறுத்திய அரக்கியரைக் காத்த பிராட்டியின் பொறுமையை, ஆழ்வானின் திருமகனார் பராசர பட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் போற்றினார். அப்பொறுமையைத் தம் தந்தையாரின் வாழ்விலேயே அவர் கண்டிருந்தார் அல்லவா?

காஞ்சியில் ஆழ்வானுக்கு அருளிய அவ்வரதனே, நம் அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாளாய் எழுந்தருளியுள்ளான். சந்நிதியில் நாம் வேண்டுவன பல. நமக்குத் தீங்கிழைத்தவர் ஒருவரின் பெயரையும் அவ்வேண்டுதலில் சேர்ப்போமாக. அதுவே ஆழ்வானுக்கு நாம் செய்யும் உண்மையான கைங்கர்யம்.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.