புற்றுநோயைப் பட்டினி போட நினைத்த டாக்டர்

புற்றுநோய்க் கட்டிக்கும் தீனி வேண்டும். அந்தத் தீனி, ரத்தம். ரத்தம் வரும் வழியை அடைத்துவிட்டால் கட்டி வளராது.

இப்படிச் சொன்னவர் அமெரிக்க டாக்டர் ஜூடா போக்மன். அவர் சொன்னதைக் கேட்டு விஞ்ஞானிகள் பலர் சிரித்தார்கள்!

போக்மன் 1933-ம் ஆண்டு கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். தந்தை, யூத மத குரு. நோயாளிகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மகனையும் அழைத்துச் செல்வார். டாக்டர் ஆகவேண்டும் என்ற ஆசை பையனுக்கு அங்கேதான் பிறந்தது.

கடுகளவு கட்டி

1960-ல் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு பிராணியின் தைராய்டு சுரப்பியைத் தனியே எடுத்து, கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்தார். அதில் புற்றுநோய் அணுக்களை விட்டார். கட்டி கடுகளவு வளர்ந்தது. அதோடு நின்றுவிட்டது.

அதே கட்டியை எலியின் உடம்பில் வைத்தார். மளமளவென்று பெருத்தது! ஏன்? எலியின் உடம்பில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்துக் கட்டிக்குள் புகுந்தன. கலத்தில் அவை முளைக்கவில்லை.

34-வது வயதில் பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தலைமை அறுவை டாக்டர் ஆனார். 1971-ல் தம் கொள்கையை வெளியிட்டார். அவர் பேச எழுந்தால் சிலர் வெளியே போனார்கள். போக்மன் சளைக்கவில்லை.

கத்தரிக்கோல்

ரத்தக் குழாயைச் சுற்றிப் புரதத்தால் ஆன வேலி இருக்கிறது. குழாய் புதுக் கிளை விடவேண்டுமானால், வேலியை அறுக்கவேண்டும். அறுப்பவை என்சைம்கள். உடம்புக்குள் இருக்கும் கத்தரிக்கோல்கள் இவை.

காயம் ஆறும்போது கத்தரி அளவோடு வேலை செய்கிறது. புற்றுநோய்க் கட்டியிலோ ஓயாமல் வெட்டுகிறது. வேலிதான் குழாய்க்குத் தாங்கல். அது சிதைவதால், கட்டிக்குள் போகும் குழாய்கள் கோணல் மாணலாக வளர்ந்து ஒழுகுகின்றன.

1997-ல் ஓர் அதிசயம் தெரிந்தது. வேலியில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை என்சைம்கள் நறுக்கும்போது ஒரு துண்டு விழுகிறது. அந்தத் துண்டு, புதிய குழாய் வளர்வதைத் தடுக்கிறது! வழி திறக்கும் கத்தரியே பூட்டும் செய்கிறது. இதைப் போக்மனும் அவருடன் உழைத்த மைக்கேல் ஓரெய்லியும் கண்டுபிடித்தார்கள். பெயர் எண்டோஸ்டாடின்.

எலிகளின் கட்டி சுருங்கியது. 1998-ல் பத்திரிகைகளில் செய்தி வந்ததும், மருந்து கேட்டு நோயாளிகள் டெலிபோனில் மன்றாடினார்கள். ஆனால் மனிதர்களிடம் அந்தப் பலன் கிட்டவில்லை. கத்தரியையே முடக்கும் மருந்துகளும் பலிக்கவில்லை. நல்லதும் செய்யும் கத்தரி அல்லவா?

2004-ல், குழாய் முளைப்பதைத் தடுக்கும் வேறொரு மருந்து குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதைக் கண்டுபிடித்தவர்கள் வேறு விஞ்ஞானிகள். மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகளின் ஆயுள் சில மாதங்கள் நீண்டது. சிரித்தவர்கள் அடங்கினார்கள்.

2008 ஜனவரி 14-ந் தேதி, மாநாட்டில் பேசப் போகும் வழியில், டென்வர் விமான நிலையத்தில் மாரடைப்பால் போக்மன் காலமானார். அப்போது அவருக்கு வயது 74.