ஜியோவானி கனெஸ்ட்ரினி

ஜியோவானி கனெஸ்ட்ரினி (டிசம்பர் 26, 1835 – பெப்ரவரி 14, 1900) ஓர் இத்தாலிய இயற்கையியலாளரும் விலங்கியல் பேராசிரியரும் ஆவார். டார்வினின் கொள்கையை இத்தாலியில் பரப்பியவராகப் பரவலாக அறியப்படுகிறார். விலாங்கு மீன்களைக் கொல்லும் பாக்டீரியா ஒன்றை 1893 இல் முதன்முதலில் விவரித்தவரும் இவரே. நோய்க்கிருமிகள் மீனின் உடலிலிருந்து இரும்பைப் பெறும் முறை, பின்னாளில் இந்தப் பாக்டீரியாவின் மூலமே தெளிவாகியது.

வாழ்க்கை

கனெஸ்ட்ரினி, அன்று ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த டிரென்டினோ பகுதியின் ரெவோ என்னும் ஊரில் பிறந்தார். வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றார். சிறிது காலம் ஜெனோவாவில் பணியாற்றியபின், 1862 இல் மொடெனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1869 இல் பதுவா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியராகி, இறக்கும் வரை அங்கேயே பணிபுரிந்தார்.

டார்வினியம்

டார்வினின் "உயிரினங்களின் தோற்றம்" நூலை லியோனார்டோ சலிம்பெனியுடன் இணைந்து இத்தாலிய மொழியில் பெயர்த்து 1864 இல் வெளியிட்டார். 1866 இல் மனிதனின் தோற்றம் பற்றித் தாமே ஒரு நூல் எழுதினார். இதே பொருளில் டார்வின் எழுதிய நூல் 1871 இல்தான் வெளிவந்தது. எச்ச உறுப்புகள் பற்றிய கனெஸ்ட்ரினியின் கட்டுரையை டார்வின் அந்நூலில் சுட்டியுள்ளார்.

விலாங்கு நோய்

மீன்கள், உண்ணிகள் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்த கனெஸ்ட்ரினி, பிற்காலத்தில் பாக்டீரியவியலிலும் ஈடுபட்டார். விலாங்கு மீன்களின் தோலிலும் துடுப்புகளிலும் இரத்தக்கசிவை உண்டாக்கும் "சிவப்புக் கொள்ளைநோய்" 1718 முதலே இத்தாலியில் பதிவாகியுள்ளது. இதற்குக் காரணமான பாக்டீரியாவுக்கு அவர் "பாசில்லஸ் ஆங்குவில்லாரம்" எனப் பெயரிட்டார். 1909 இல் பெர்க்மன் என்பவர் பால்டிக் கடல் விலாங்குகளின் நோயை ஆராய்ந்து "விப்ரியோ ஆங்குவில்லாரம்" என்ற பெயரை வழங்கினார். இரண்டும் ஒரே கிருமியே எனக் கருதப்படுகிறது. இன்று இது பண்ணைகளில் வளர்க்கப்படும் சால்மன் உள்ளிட்ட பல மீன்களையும் தாக்குகிறது.

இரும்பும் நோயும்

ஏறத்தாழ எல்லா பாக்டீரியாக்களும் வளர்வதற்கு இரும்பு தேவை. ஆனால் மீனின் இரத்தத்தில் உள்ள டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இரும்பை இறுகப் பிணைத்து வைத்துக்கொள்வதால், கிருமிக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. கிருமி இத்தடையை எவ்வாறு கடக்கிறது என்பதைக் கனெஸ்ட்ரினியின் கட்டுரைக்கு 87 ஆண்டுகளுக்குப் பின், 1980 இல், ஹோர்ஹே குரோசா விளக்கினார்.

* கொடிய வகைகளில் "பிஜேஎம்1" என்னும் பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள வளைய டிஎன்ஏ) காணப்படுகிறது. அதை இழந்த பாக்டீரியா நோயுண்டாக்கும் திறனைப் பெருமளவு இழக்கிறது.
* இந்தப் பிளாஸ்மிட்டின் மரபணுக்களைக் கொண்டு பாக்டீரியா "ஆங்குவிபாக்டின்" என்னும் சிறு மூலக்கூறை உருவாக்கி வெளியே அனுப்புகிறது. அது இரும்பைப் பற்றிக்கொள்கிறது.
* இரும்பு ஏந்திய மூலக்கூறை, பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள "ஃபேட்ஏ" என்னும் புரதம் அடையாளம் கண்டு உள்ளே எடுத்துக்கொள்கிறது.
* பிளாஸ்மிட் இல்லாத சில வகைகள், குரோமோசோம் மரபணுக்களைக் கொண்டு "வான்க்ரோபாக்டின்" என்னும் வேறொரு மூலக்கூறை உருவாக்குகின்றன. இரத்தத்தின் ஹீமிலிருந்தும் இக்கிருமியால் இரும்பைப் பெற முடியும்.

மீனுக்கு இரும்புச் சேர்மத்தைச் செலுத்தியபோது, பிளாஸ்மிட்டை இழந்த பாக்டீரியாவும் முன்னைவிடக் குறைந்த அளவிலேயே மீனைக் கொன்றது. எனவே பிளாஸ்மிட் தரும் வலிமை பெரிதும் இரும்பைப் பெறும் திறனே என்பது உறுதியானது.

நினைவு

வெனிஸ் கடற்கழியில் வாழும் "பொமட்டோஸ்கிஸ்டஸ் கனெஸ்ட்ரினி" என்னும் சிறு மீனினம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.