ஆஸ்வால்டு ஏவரி

அரிய உண்மைகளைக் கண்டறிந்தோர் யாவரும் தம் வாழ்நாளில் அவற்றிற்குரிய சிறப்பினைப் பெற்றாரல்லர். மரத்திற்கு நீர் வார்த்தவர் ஒருவராக, கனி கொய்தவர் பிறராதல் உலகில் உண்டு. அங்ஙனம் நீர் வார்த்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஆஸ்வால்டு தியோடர் ஏவரி, 1877 ஆம் ஆண்டு கனடா தேசத்து ஹாலிபாக்ஸ் நகரில் பாப்டிஸ்டு சபைப் போதகர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். 1887 இல் பெற்றோருடன் நியூயார்க் நகரை அடைந்தார். இளமையில் கார்னெட் என்னும் ஊதுகருவியை இசைப்பதில் வல்லவராயிருந்தார். 1904 இல் மருத்துவப் பட்டம் பெற்றுச் சிலகாலம் அத்தொழில் புரிந்தார். ஆயினும், நோயின் மூலத்தை ஆராய்தலிலேயே அவருள்ளம் சென்றது. 1913 இல் ராக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்து, நிமோனியாக் காய்ச்சலை விளைக்கும் பாக்டீரியாவை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

அந்த பாக்டீரியாவில் இருவகை உண்டு. சர்க்கரைப் பொருளாலான உறையுடைய வழவழப்பான வகை கொல்லும். உறையற்ற சொரசொரப்பான வகை கொல்லாது. 1928 இல் லண்டன் அறிஞர் கிரிபித் என்பார், வெப்பத்தாற் கொல்லப்பட்ட உறையுடைய வகையை, உயிருள்ள உறையற்ற வகையோடு கலந்து சுண்டெலிகளுக்கு ஊசி வழியே செலுத்தினார். எலிகள் மடிந்தன, அவற்றின் குருதியில் உயிருள்ள உறையுடைய பாக்டீரியா காணப்பட்டது! அதன் சந்ததியும் உறையுடனேயே தோன்றிற்று. செத்தது உயிருள்ளதற்குத் தன் குணத்தைக் கொடுத்ததென்பதை ஏவரி முதலில் நம்பினாரல்லர். தம் ஆராய்ச்சிச்சாலையிலேயே அது மெய்யென உறுதிப்பட்டபின், அக்குணத்தைக் கொண்டுசெல்லும் பொருள் யாதெனத் தேடத் தொடங்கினார்.

மக்ளியோட், மெக்கார்ட்டி என்னும் இளைஞர் இருவர் அவருக்குத் துணைநின்றனர். எழுபத்தைந்து லிட்டர் பாக்டீரியாக் குழம்பினின்று கிடைத்த பொருள் 10 முதல் 25 மில்லிகிராமே. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை அதனோடு சேர்த்தனர். அதன் ஆற்றல் குன்றவில்லை. ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தனர், அப்போதும் குன்றவில்லை. டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தவுடன் ஆற்றல் முற்றும் அழிந்தது. 1944 இல், தம் அறுபத்தாறாம் வயதில், ஏவரி இதனை வெளியிட்டார்.

பாரம்பரியக் குணங்களைத் தாங்குவது புரதமே என்று எண்ணியிருந்த அறிஞர் பலர், அப்பொருளிற் சிறிது புரதம் எஞ்சியிருக்கலாமென ஐயுற்றனர். ஏவரியோ வழக்காடவில்லை, சான்று காட்டிய அளவிற்கு மேல் ஒரு சொல்லும் மிகுத்துரைக்கவில்லை. 1952 இல் வைரஸ்களைக் கொண்டு செய்த சோதனையும், 1953 இல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் வெளிப்பட்டமையும் அவர் கூற்றினை நிலைநாட்டின. அச்சுருளின் இழைகள் பிரிந்து, ஒவ்வொன்றும் அச்சாக நிற்கப் புதிய இழை உருவாகின்றது. அதில் அடங்கிய செய்தி ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுகின்றது. பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் வைரஸ்கள் பலவற்றிலும் நிகழும் இவ்வற்புதங்களை இன்று நாம் கற்பதற்கு அடிகோலியவர் ஏவரியே.

நோபல் பரிசு அவருக்கு வழங்கப்படவில்லை. 1948 இல் நாஷ்வில் நகர் சென்று, தம் தம்பியின் குடும்பத்தருகே வாழ்ந்து, 1955 இல் உயிர்நீத்தார்.

நண்பர்களே! தாம் நம்பாத ஒன்றையும் சோதித்து, மெய்யெனக் கண்டபின் அதற்கே தம்மை ஒப்படைத்தார் இப்பெரியார். பரிசிலை நோக்காது உண்மையை நோக்கும் அவ்வுள்ளம் மாணவராகிய நமக்கும் வாய்ப்பதாக!