மண்ணுக்குள் ஒரு மருந்து

பிள்ளைகளே, மழை பெய்ததும் மண்ணிலிருந்து ஒரு நல்ல வாசனை வருமே, கவனிச்சிருக்கீங்களா? அதைத்தான் மண்வாசனை என்கிறோம். மண்ணுக்குள் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்களுக்கு அந்த வாசனையில் பெரிய பங்கு உண்டு. அவை ரொம்பச் சின்னவை, கண்ணுக்குத் தெரியாது. அவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் செல்மன் வாக்ஸ்மன்.

வாக்ஸ்மன் 1888ஆம் ஆண்டு உக்ரைனில் ஒரு சிறிய ஊரில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தங்கை டிப்தீரியா என்னும் தொண்டை நோயால் இறந்துபோனாள்.

1910இல் வாக்ஸ்மன் அமெரிக்காவுக்குப் போனார். நியூ ஜெர்சியில் உறவினரின் பண்ணையில் தங்கினார். பிறகு பக்கத்தில் இருந்த ரட்கர்ஸ் கல்லூரியில் விவசாயம் படித்தார். கல்லூரிப் பண்ணையில் குழி தோண்டி, மண்ணை எடுத்து வந்து, அதில் என்னென்ன நுண்ணுயிர்கள் இருக்கு என்று பார்த்தார். ஒரு சிட்டிகை மண்ணிலேயே கோடிக்கணக்கான உயிர்கள்! படித்து முடித்த பிறகு அதே கல்லூரியில் ஆசிரியர் ஆனார்.

மண்ணில் இவ்வளவு உயிர்கள் இருந்தால் சாப்பாட்டுக்குப் போட்டி வருமில்லையா? அதனால் சில நுண்ணுயிர்கள் ஒரு பொருளைச் சுரந்து, மற்றக் கிருமிகளை வளரவிடாமல் தடுக்கின்றன. அந்தப் பொருள் மனிதருக்கு மருந்தாகுமா? 1939 முதல் வாக்ஸ்மனும் அவருடைய மாணவர்களும் இதைத் தேடத் தொடங்கினார்கள்.

கண்ணாடித் தட்டில் மண் நுண்ணுயிர்களை வளர்ப்பார்கள். பக்கத்தில் நோய்க்கிருமியையும் வளர்ப்பார்கள். கிருமி வளராமல் நின்றுவிட்டால் அங்கே ஏதோ இருக்கு என்று அர்த்தம். இப்படி ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சோதித்தார்கள். 1940இல் ஒரு பொருள் கிடைத்தது. ஆனால் அது விலங்குகளுக்கும் நஞ்சாக இருந்தது. 1942இல் இன்னொன்று கிடைத்தது. அதுவும் உடம்புக்குக் கெடுதல் செய்தது. ஆனாலும் அவர்கள் தேடுவதை விடவில்லை.

அந்தக் காலத்தில் காசநோய் மிகவும் கொடியது. பென்சிலின் மருந்தாலும் அதைக் குணமாக்க முடியவில்லை. ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர் அந்தக் கிருமியோடு வேலை செய்ய முன்வந்தார். அந்தக் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால் அவர் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த அறையில் தனியாக வேலை செய்தார்.

1943 அக்டோபர் 19 அன்று ஷாட்ஸுக்கு விடை கிடைத்தது. எரு போட்ட மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரும், கோழியின் தொண்டையிலிருந்து எடுத்த இன்னொன்றும் ஒரே மருந்தைச் சுரந்தன. அதற்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயர் வைத்தார்கள். முதலில் கினிப் பன்றிகளுக்கும், பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். காசநோயைக் குணமாக்க வழி பிறந்தது.

ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. உலகம் வாக்ஸ்மனை மட்டும் புகழ்ந்தது. ஷாட்ஸின் பெயர் அதிகம் வெளியே வரவில்லை. மருந்தால் வந்த பணத்திலும் அவருக்குப் பங்கு தரவில்லை. 1950இல் ஷாட்ஸ் நீதிமன்றத்துக்குப் போனார். கடைசியில், கண்டுபிடித்தவர்கள் இருவரும்தான் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஷாட்ஸுக்கும் பங்கு கிடைத்தது. ஆனாலும் 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே தரப்பட்டது. 1994இல்தான் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் ஷாட்ஸுக்குப் பதக்கம் கொடுத்தது. அப்போது வாக்ஸ்மன் உயிரோடு இல்லை, 1973இலேயே இறந்துவிட்டார்.

எந்த மண்ணில் தேடுவது, எப்படித் தேடுவது என்று வழி காட்டியவர் ஆசிரியர். அடித்தள அறையில் உட்கார்ந்து தேடிக் கண்டவர் மாணவர். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்த மருந்து நமக்குக் கிடைத்திருக்குமா? அடுத்த முறை மண்வாசனை வரும்போது இரண்டு பேரையும் நினைச்சுக்கோங்க.

சொல்லும் பொருளும்
நுண்ணுயிர் – கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்
சிட்டிகை – இரண்டு விரலால் எடுக்கும் அளவு
எரு – பயிருக்குப் போடும் சாணம் முதலிய உரம்
காசநோய் – நுரையீரலைத் தாக்கும் நோய்; டிபி

பேசுவோம்
1. ஷாட்ஸ் ஏன் தனி அறையில் வேலை செய்தார்?
2. 1940லும் 1942லும் கிடைத்த பொருள்களை ஏன் காசநோய்க்கு மருந்தாகக் கொடுக்க முடியவில்லை?
3. நீங்களும் நண்பரும் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவருக்கு மட்டும் பாராட்டு கிடைத்தால் என்ன செய்வீங்க?