நோயில் மலர்ந்த எழுத்து

உடல் தளர்ந்த நாளிலும் உள்ளம் தளராதோர் உலகில் சிலரே. அச்சிலருள் ஒருவராக உருசிய எழுத்தாளர் மிகயீல் புல்காகவை நாம் காண்கிறோம்.

இன்றைய உக்ரைன் தலைநகராகிய கீவ் நகரில் 1891ஆம் ஆண்டு பிறந்தார் புல்காகவ். இறையியல் ஆசிரியரான தந்தையை 1907இல் சிறுநீரக நோய்க்குப் பறிகொடுத்தார். 1916இல் மருத்துவப் பட்டம் பெற்று, முதல் உலகப் போரில் போர்முனை மருத்துவமனைகளில் பணியாற்றினார். பின்னர் நிக்கோல்ஸ்கோயே என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே மார்பின் மருந்துக்கு அடிமையானார். மனைவி தத்தியானாவின் துணையால் அதனின்று மீண்டார்.

உள்நாட்டுப் போர் மூண்டபோது, 1919இல் வெண்படையின் மருத்துவராகக் காகசஸ் பகுதிக்குச் சென்றார். 1920இன் தொடக்கத்தில், பேன்களால் பரவும் டைபஸ் என்னும் கொடுங்காய்ச்சல் அவரை வீழ்த்தியது. அவர் நினைவிழந்து கிடக்க, படை பின்வாங்கியது. தத்தியானா அருகிருந்து காத்தார். கண் விழித்தபோது நகரம் செம்படையின் கையில் இருந்தது. படையும் இல்லை, பதவியும் இல்லை. அந்நிலையில் மருத்துவத்தை அறவே துறந்து எழுதுகோலையே வாழ்வாகப் பற்றினார்.

1921இல் வறியவராக மாஸ்கோ சேர்ந்து, செய்தித்தாள்களுக்கு எழுதிப் பிழைத்தார். தாம் கைவிட்ட மருத்துவமே அவர்தம் சிறுகதைகளுக்குக் கருவாயிற்று. 1926இல் மாஸ்கோ கலை அரங்கில் அரங்கேறிய 'தூர்பின்களின் நாட்கள்' நாடகம் பெரும்புகழ் ஈட்டியது. ஆயினும் 1929க்குள் அவருடைய நாடகங்கள் அனைத்தும் மேடையினின்று விலக்கப்பட்டன. மனம் நொந்து 1930இல் தம் புதினத்தின் கைப்படியைத் தீயிலிட்டார். எனினும் அதனை மீண்டும் எழுதத் துணிந்தார்.

1939இல் தந்தையைக் கொண்ட அதே நோய் மகனையும் பற்றியது. பார்வை மங்கியது. மருத்துவராதலின் முடிவு இன்னதென்பதை அவர் அறிந்தேயிருந்தார். ஆயினும் படுக்கையில் கிடந்தவாறே திருத்தங்களைச் சொல்ல, அப்போதைய மனைவி எலேனா எழுதிக்கொண்டார். 1940 மார்ச் 10ஆம் நாள், தம் 48ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அப்புதினமே 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்'. எலேனா காத்துவைத்த கைப்படி, அவர் மறைந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்து, 1966-67இல் பல வெட்டுகளுடன் ஓர் இதழில் வெளிவந்தது. இன்று உலக மொழிகள் பலவற்றில் அது வாழ்கிறது.

முதல் நோய் அவரை எழுத்திடம் சேர்த்தது. இறுதி நோயாலும் எழுத்தினின்று பிரிக்க இயலவில்லை. தம் நூல் அச்சேறுமா என்பதை அறியாமலே இறுதிவரை அதனைச் செப்பனிட்டார் அவர். பயனைக் காணும் முன்னரே சோர்ந்து ஏட்டை மூடிவிடும் நம் மாணவச் செல்வங்கள் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்வு இது.