ஆசிரியர்க்காசிரியர் பெஸ்டலாசி

பிறர்க்குக் கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டோர் தாம் கற்பதை ஒருபோதும் நிறுத்தலாகாது என்பதை நம்மில் எவரும் மறுப்பதில்லை. ஆயினும், உபாத்தியாயர் கற்பதற்கென ஓர் இடம் வேண்டும், அவ்விடம் குழந்தைகளின் நடுவிலேயே இருத்தல் வேண்டும், அங்கே சித்திரமும் பாட்டும் கணக்கோடு சரியாசனம் பெறல் வேண்டும் என்று எண்ணி, எண்ணியதைச் செய்தும் காட்டியவர் மிகச் சிலரே. அவருள் முன்வைத்து எண்ணத் தக்கவர் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து யோஹான் ஹைன்ரிஹ் பெஸ்டலாசி என்பார். அன்னாருக்கோ சித்திரம் எழுத வாராது, பாட வாராது, கையெழுத்தும் நன்றாயிராது. அங்ஙனமிருந்தும் அவரிடம் கற்கப் பல தேசத்து உபாத்தியாயர்கள் ஏன் வந்தனர் என்பதையே இச்சரிதத்தில் ஆராயப் புகுகின்றோம்.

பெஸ்டலாசி 1746ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் நாள் ஸூரிச் நகரில் ஒரு வைத்தியரின் புதல்வராய்ப் பிறந்தார். ஐந்து வயதிலேயே தந்தையை இழந்தார். இறக்குந் தறுவாயில் எஜமானருக்குக் கொடுத்த வாக்கைக் காத்து, பாபெலி என்னும் பணிப்பெண் அவ்வேழைக் குடும்பத்தை விட்டகலாது உழைத்து வந்தாள். பெண்டிர் வளர்த்த பிள்ளையாதலால் உலக நடையறியாது சகபாடிகளின் பரிகாசத்துக்கு ஆளானார் என்பர். வாலிபத்தில் ரூஸோவின் நூல்களைக் கற்று மயங்கி, நகரவாழ்வை வெறுத்து, பிர் என்னும் சிற்றூரருகே நிலம் வாங்கிச் செஞ்சாயம் தரும் மஞ்சிட்டி பயிரிடத் தொடங்கினார். 1769ஆம் ஆண்டு அன்னாள் ஷுல்த்தெஸ் என்னும் செல்வர் குடிப் பெண்ணை மணந்தார். பயிர்த்தொழில் பொய்த்தது. ரூஸோ காட்டிய வழியே வளர்க்கப்பட்ட ஒரே மகனும் பதினொரு வயதளவில் எழுதப் படிக்கச் சரிவர அறியாதிருந்தான். புத்தகத்திற் கண்ட முறையைப் பிள்ளையின் இயல்பறியாது கைக்கொள்வதன் கேட்டை அவர் தம் வீட்டிலேயே கண்டார் எனலாம்.

1774ஆம் ஆண்டு ஏழைச் சிறுவரைத் தம் இல்லத்திற் சேர்த்து, நூல் நூற்கவும் நெய்யவும் கற்பித்துக்கொண்டே எழுத்தும் கணக்கும் புகட்ட முயன்றார். அம்முயற்சி ஏறக்குறைய ஆறாண்டுகளில் முடிந்தது. மனைவியின் பொருளும் அதனோடு கரைந்தது. 1781இல் வெளியிட்ட லியோனார்டும் கெர்ட்ரூடும் என்னும் கதை அவருக்குப் புகழளித்ததேயன்றி வறுமையைப் போக்கவில்லை.

1798ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிரெஞ்சுப் படைகள் ஸ்டான்ஸ் என்னும் ஊரைப் பாழாக்கின. மறு ஆண்டு ஜனவரியில் அவ்வூர் அநாதைகளைக் காக்கும் பொறுப்பு பெஸ்டலாசியிடம் வந்தது. வேலை முற்றுப்பெறாத கட்டடம். ஏறக்குறைய எண்பது குழந்தைகள். சொறியும் பேனும் பிடித்தவர் பலர். உதவிக்கு ஒரு வீட்டுப் பணிப்பெண்ணேயன்றி வேறெவருமிலர். அவர்களோடு உண்டு, அவர்களிடையே உறங்கி, ஐந்து மாதம் உழைத்தார். ஜூன் மாதத்தில் படையினர் அவ்வீட்டைத் தம் வைத்தியசாலைக்கென எடுத்துக்கொண்டனர். அவரும் உடல் நலிந்து வெளியேறினார்.

அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவ்வயதில் பெரும்பாலோர் தொழிலை விட்டு ஓய்வெடுக்க எண்ணுவர். இவரோ தொடக்கப் பள்ளியில் ஓர் எளிய உபாத்தியாயராய் அமர விரும்பினார். புர்க்டார்ப் என்னும் ஊரில் செருப்புத் தைக்கும் ஒருவர் நடத்திய பாடசாலையில் இடங் கிடைத்தது. இவருக்கே எழுத்தும் கணக்கும் வாராவென்று பெற்றோர் முறையிட, அங்கிருந்து சிறு குழந்தைகளின் பள்ளிக்கு மாற்றப்பட்டார். முறையிட்டோர் மீது நாம் வருந்துவதற்கில்லை. அவர்கள் கண்டது, உடை நெகிழ்ந்து, கழுத்துத் துணி கலைந்து, உரத்த குரலில் ஏதேதோ சொல்லிக் குழந்தைகளையும் உடன் சொல்லச் செய்யும் ஒரு கிழவரையே. அக்குழந்தைகளின் கையிலிருந்த கற்பலகைகளை அவர்கள் கண்டிலர். வாய் சொல்லிக்கொண்டிருக்கையில் கை கோடும் கோணமும் வளைவும் வரைந்துகொண்டிருந்தது. எழுத்து என்பதும் ஒருவகைச் சித்திரமேயாதலின், வரையப் பழகாத கையை எழுதச் சொல்வது முறையன்று என்பது அவர் கொள்கை. தவறினால் அழித்துவிட்டு மீண்டும் வரையலாமாதலால் கற்பலகையே அதற்கேற்ற கருவியெனக் கொண்டார்.

அக்காலத்து நிகழ்ச்சியொன்றை அவர் மாணாக்கருள் ஒருவராகிய ராம்ஸவர் பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார். பள்ளியறைச் சுவரில் பழங்காகிதம் ஒட்டப்பட்டுப் பல இடங்களிற் கிழிந்திருந்தது. குழந்தைகளை அதன்முன் நிறுத்தி, கிழிசல்கள் எத்தனை, எவ்வடிவின, எங்கெங்குள்ளன, என்ன நிறத்தன என்று நெடுநேரம் சொல்லச் செய்வாராம் பெஸ்டலாசி. வேறு படமோ கருவியோ இல்லாத வறிய பள்ளியில் கிழிந்த சுவரே பாடப்புத்தகமாயிற்று. போரினாலும் பஞ்சத்தாலும் அப்பென்ஸெல் நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழைச் சிறுவர்களுள் ஒருவனாய் வந்த இந்த ராம்ஸவரே பின்னர்ச் சித்திர ஆசிரியராகி, அக்கலையைக் கற்பிக்கும் முறை பற்றி நூலும் இயற்றினார் என்பது கருதத்தக்கது.

அச்சிறுவரைக் கூட்டிவந்தவர் க்ரூஸி என்னும் இளைஞர். நூற்பொதி சுமந்து மலைவழி நடந்து பிழைத்துவந்த அவர், பதினெட்டு வயதில் கிராம உபாத்தியாயரானவர். உடன் போட்டியிட்டவர் இவரினும் குறைந்த கல்வியுடையவராயிருந்ததே இவருக்கு அவ்வேலை கிடைத்த காரணம்! இத்தகையவரே பெஸ்டலாசிக்குக் கிடைத்த முதல் துணைவர். அடுத்து வந்தவர் டோப்லர். அவருடன் வந்த பூஸ் என்பவர் புத்தகம் கட்டும் தொழிலினர். சித்திரமும் சங்கீதமும் பயின்றவர். காலுறை நழுவித் தொங்க, புழுதி படிந்து, மாடியினின்று இறங்கி வந்த பெஸ்டலாசியைக் கண்டு பூஸ் முதலில் திகைத்தே போனார். அதனினும் பெரிய திகைப்புப் பின்னர்க் காத்திருந்தது. அறிந்த வித்தையை அறிந்தவாறே கற்பித்தல் போதாது. குழந்தையின் கண்ணுக்கும் கைக்கும் முதன்முதல் எட்டக்கூடிய கூறு யாதெனக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று பெஸ்டலாசி வற்புறுத்தினார். கலைஞராகிய பூஸ் தம் கலையைப் புதிதாய் மீண்டும் கற்க வேண்டியவரானார். நேர்கோடு, கோணம், சதுரம், வளைவு என அவர் பகுத்த வரிசை 1803ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. பெஸ்டலாசியின் ஆசிரியப் பயிற்சி என்பது இதுவே: உபாத்தியாயரின் அறிவைக் கூட்டுதலன்று; அவர் அறிந்ததன் வேரை அவரையே தேடச் செய்தல்.

1800ஆம் ஆண்டில் ஊர்க் கல்விக்குழுவினர் அவருடைய சிறார்களைப் பரீட்சித்துப் பாராட்டினர். அவ்வாண்டே அரசாங்கத்தார் அளித்த புர்க்டார்ப் கோட்டையில் பாடசாலையும் அதனோடு ஆசிரியர் பயிற்சியும் தொடங்கின. ஒருநாள், படத்தில் வரைந்த ஏணியைக் காட்டிப் பாடம் நடக்கையில், மெய்யான ஏணி வீட்டின் பின்புறம் இருக்கிறதே என்று ஒரு சிறுவன் சொன்னானாம். சாளரத்தின் படத்துக்கும் அவ்வாறே ஆட்சேபம் எழுந்தது. பிள்ளை சொன்னதே சரி என்று பெஸ்டலாசி படங்களை ஒதுக்கிவைத்தார். மாணவனிடம் தோற்பதை இழிவாகக் கருதாத உபாத்தியாயர் எத்தனை பேரை நாம் கண்டிருக்கிறோம்?

அரசியல் மாறவே 1804இல் கோட்டை பறிபோயிற்று. 1805 முதல் இவெர்டன் நகரத்து நான்கு கோபுரக் கோட்டை அவர் இல்லமாயிற்று. இருபதாண்டு அங்கே நடந்தவற்றைக் காண ஐரோப்பா முழுதுமிருந்து மக்கள் வந்தனர். பிரஷ்ய அரசாங்கம் தன் இளம் உபாத்தியாயரை அரசாங்கச் செலவில் அனுப்பி, ஆண்டுக்கணக்காய் அங்கே தங்கிப் பயிலச் செய்தது. 1809ஆம் ஆண்டளவில் மாணவர் நூற்றைம்பதின்மருக்கு மேலிருக்க, முறையைக் கற்க வந்த முதிர்ந்தோரே ஏறத்தாழ முப்பதின்மர் இருந்தனர். இவர்கள் தனியறையில் விரிவுரை கேட்டவரல்லர். சிறுவரோடு ஒரே பலகையில் அமர்ந்தனர், தாமும் கோடிழுத்தனர், பாடினர், பிறகு கற்பித்தும் பார்த்தனர்.

பூகோளப் பாடம் நடந்த விதத்தை வுல்லியமன் என்னும் பழைய மாணவர் வருணித்துள்ளார். நகரருகே பூரோன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் சிறுவரை அழைத்துச்செல்வர். முதலில் முழுதும் நோக்கி, பின் பகுதி பகுதியாய்க் கண்டபின், அங்குள்ள களிமண்ணை எடுத்துவந்து நீண்ட மேசைகளின்மேல் அப்பள்ளத்தாக்கை உருவாக்குவர். மறுமுறை சென்று விட்டுப்போனதைக் கண்டு வந்து சேர்ப்பர். வேலை முடிந்த பின்னரே தேசப்படம் கண்ணிற் காட்டப்படும்.

சங்கீதத்திலும் அவ்வாறே. நேகெலி, ப்பைபர் என்னும் இருவர் தாளத்தையும் சுரத்தையும் ஒலியின் மென்மை வன்மையையும் வெவ்வேறாகப் பிரித்துக் கற்பிக்கும் பெருநூலொன்றை 1810இல் வெளியிட்டனர். அம்முறையைப் பின்பற்றிய லோவெல் மேஸன் என்பவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பொதுப் பாடசாலைகளில் 1838இல் பாட்டைப் பாடமாக்கினார். பாட்டாசிரியர்கள் கூடிப் பயிலும் வகுப்புகளையும் அவர் நடத்திவந்தார். இவெர்டனில் 1808 முதல் 1810 வரை தங்கிய ப்ரோபெல், அங்கே கண்ட குறைகளையும் நிறைகளையும் மனத்திற் கொண்டே பிற்காலத்தில் குழந்தைத் தோட்டப் பள்ளியை நிறுவினார்.

குறைகள் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. பிரெஞ்சு பேசும் ஊரில் ஜெர்மன் மொழிப் பாடசாலை. கணக்கு வழக்கறியாத தலைவர். கோடும் கோணமும் பலவிடத்து உயிரற்ற பயிற்சியாய் முடிந்தன. இம்முறை இங்கிலாந்து சென்று பொருட்பாடம் என்னும் பெயருடன் பள்ளிகளிற் பரவி நம் நாட்டுக்கும் வந்தபோது, பொருளைப் பாராமலே அதன் குணங்களை நெட்டுருச் செய்யும் வழக்கமாய் இழிந்ததையும் அறிவோம். 1809ஆம் ஆண்டு விசாரணைக்கு வந்த குழுவினரும் அரைமனத்துடனேயே பாராட்டினர்.

இவற்றினும் பெருங்கேடு உள்ளிருந்தே வந்தது. நீடரர் என்பவர் தத்துவம் வல்லவர். ஷ்மிட் என்பவர் பள்ளியிலேயே வளர்ந்து கணிதத்திலும் நிர்வாகத்திலும் தேர்ந்தவர். இவ்விருவருக்கும் ஒவ்வாது போயிற்று. இருவரையும் இணைத்து வைத்திருந்த அன்னாள் அம்மையார் 1815ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். மறு ஆண்டு, முதல் துணைவராய் வந்து உடனிருந்த க்ரூஸியும் விலகினார். 1817இல் நீடரர் பிரிந்தார். பிறகு வழக்குகள் நீண்டன. கூடியிருந்து கற்ற ஆசிரியர்கள் நீதிஸ்தலத்தில் எதிரெதிரே நின்றனர். பெஸ்டலாசி ஷ்மிட்டையே நம்பிச் சாய்ந்தது தவறென்று சொல்வோர் பலர். எமக்கும் அவ்வாறே தோன்றுகிறது. ஆயினும், சம்பளப் பணத்தைக்கூட எண்ணத் தெரியாத முதியவர் எண்ணத் தெரிந்தவரைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

அந்நிலையிலும், தம் நூல்களின் தொகுதியால் வந்த பொருளைக்கொண்டு 1818இல் க்ளிண்டி என்னுமிடத்தில் ஏழைப் பிள்ளைகளை உபாத்தியாயராக்கும் பள்ளியொன்றைத் தொடங்கினார். மறு ஆண்டே அது இவெர்டனோடு சேர்க்கப்பட்டது. 1825இல் கோட்டைக் கதவு மூடியது. ஏறக்குறைய எண்பது வயதினராய், ஐம்பதாண்டுக்கு முன் பொய்த்த பழைய நிலத்துக்கே திரும்பி, தம் தவறுகளைத் தாமே எடுத்துரைக்கும் இறுதி நூலை எழுதினார். 1827ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் ப்ரூக் என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

அவருடலை பிர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தருகே அடக்கம் செய்தனர். 1846ஆம் ஆண்டு, அவர் பிறந்து நூறாண்டு நிரம்பியபோது, அங்கே பாடசாலைக்குப் புதிய கட்டடம் எழுப்பினர். அதன் சுவரிலேயே அவருடைய ஞாபகச் சின்னம் அமைக்கப்பட்டுள்ளது.